பையனுக்குக் குதிரையோடு கவுன்சலிங்: சுங்கை சிப்புட் பக்கம் யாராவது போனதுண்டா?

சிப்புட்_சித்தி

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகன், வயது 9. அக்கா சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை, உட்லண்ட்ஸ் பக்கம். பையன் மூன்று வயதிலிருந்து எங்கள் அம்மாவோடு இங்கே மலேசியாவில், பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில்தான் வளர்கிறான். அப்பா இருக்கிறார், ஆனால் வருவதில்லை.

அக்கா லீவில் வந்தால் அவன் கிட்டவே போகமாட்டான். போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். அவள் திரும்பிப் போனதும் அழுகை கிடையாது, தேடுவதும் கிடையாது. "நல்ல பிள்ளை, சூழ்நிலை புரிந்த பிள்ளை" என்று எல்லாரும் மெச்சுவார்கள். அதற்கு அடுத்த வாரம் பாருங்கள், பள்ளியில் ஒரே அடிதடி, சட்டையெல்லாம் கிழிந்து வரும். இப்போது புதிதாக இரவில் பாயை நனைக்கிறான். முன்பு இது இருந்ததே இல்லை.

டவுனுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டம் இருந்த பக்கம், ஒரு பழத்தோட்டத்தில் கவுன்சலிங் செய்கிறார்கள். அட்டாச்மென்ட், அதாவது பிள்ளைக்கும் வளர்க்கிறவர்களுக்கும் உள்ள ஒட்டுதல், அடிப்படையிலான உளச்சிகிச்சையாம். அங்கே குதிரைகளும் இருக்கின்றன. பிள்ளைக்குப் பிடித்தால் குதிரையோடு, பிடிக்காவிட்டால் மரத்தடியில் உட்கார்ந்து பேச்சு, கட்டாயம் இல்லை என்றார்கள். ஒரு தடவைக்கு 180 ரிங்கிட்.

அம்மா முதலில் முனியாண்டி கோவிலில் கயிறு கட்டலாம் என்கிறார். மாமா ஒருவர் "பிள்ளையை இப்பவே தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கிறீங்களா" என்று கேட்டுவிட்டு, போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இது நிஜ வைத்தியமா, காசு பிடுங்குகிற வேலையா?

கெரெத்தா_மணி

குதிரை பார்க்க 180 ரிங்கிட்டா? மதுரைவீரன் கோவிலுக்குப் போனால் வெள்ளைக் குதிரையை இலவசமாகவே பார்க்கலாமே.

சிப்புட்_சித்தி

அண்ணே, உதவி கேட்டு வந்திருக்கிறேன்.

கெரெத்தா_மணி

சரி சரி, கோபம் வேண்டாம் தங்கச்சி. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கணக்குப்புலி

நான் எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறவன், அதனால் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். குதிரை மனிதர் மனசைப் படிக்கும், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

நூறு வருடத்துக்கு முன்னால் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாக ஊரே திரண்டது. மூன்றும் இரண்டும் எத்தனை என்றால் காலை ஐந்து முறை தட்டும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் உட்கார்ந்து சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவர் தலை அவரே அறியாமல் லேசாக அசையும், அதைப் பார்த்துத்தான் அது நிறுத்தியிருக்கிறது.

2014இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர், மனநோய்க்குக் குதிரையை வைத்துச் செய்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கிறது, இதைச் சிகிச்சை என்று பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். 180 ரிங்கிட் தோட்டத்துச் சனத்துக்கு விளையாட்டுக் காசு இல்லை.

லயத்துப்பெண்

கணக்குப்புலி சொல்வது குதிரையைப் பற்றி. எனக்கு அந்தப் பையனைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

நான் ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவள். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. அம்மா இருட்டில் என்னைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயாவிடம் கொடுத்துவிட்டு ரப்பர் மரம் வெட்டும் நிரைக்கு ஓடுவார். வரிசையாகத் தொட்டில்கள், ஒரே ஆயா, இருபது பிள்ளைகள் கத்தும். கேட்கிறவர்களுக்கு அது பெரிய கொடுமையாகத்தான் தெரியும்.

ஆனால் பால் எடுத்து ஸ்டோரில் கொடுத்து முடித்ததும் அம்மா நேராகக் கொட்டகைக்குத்தான் வருவார். ரப்பர் பால் நாற்றம் வாசலில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். மழை பெய்து வெட்டு இல்லாத நாளைத் தவிர ஒரு நாளும் அது மாறியதில்லை. என் வயதுக்காரர்கள் நிறைய பேர் அப்படி வளர்ந்தோம், பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறோம் (என் தம்பியைத் தவிர, அவன் கதை வேறு). தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமாகி, எல்லாரும் டவுன் ஃபிளாட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளை ஒரு ஊர், அம்மா ஒரு நாடு என்று ஆனது.

சித்தி, ஒன்று கேட்கலாமா? உங்கள் அக்கா திரும்பிப் போகும்போது பையனிடம் சொல்லிவிட்டுப் போகிறாரா?

சிப்புட்_சித்தி

இல்லை அக்கா. இரவு பஸ். அவன் தூங்கிய பிறகுதான் கிளம்புவாள். சின்ன வயதில் சொல்லிவிட்டுப் போனபோது பஸ் ஸ்டாண்டில் புரண்டு அழுதான். அம்மாதான் இனிமேல் தூங்கும்போது போ என்று சொல்லிவிட்டார்.

பதிவுபெற்ற_அக்கா

நான் பேராக்கில் வேலை செய்யும் பதிவு பெற்ற கவுன்சலர். நேரில் பார்க்காத பிள்ளைக்கு இன்னதுதான் என்று பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டதற்கு விளக்கம் தரலாம். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாய் நனைவது. முன்பு சரியாக இருந்த பிள்ளை திரும்ப நனைக்க ஆரம்பித்தால் மனசு என்று முடிவு கட்டாதீர்கள். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கொண்டுபோங்கள், நம் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். சிறுநீர்த் தொற்று, இனிப்பு நீர் (நீரிழிவு), மலச்சிக்கல், இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிச் சண்டையையும் அந்த டாக்டரிடமே சொல்லலாம், தேவைப்பட்டால் அவரே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்.

அடுத்தது அட்டாச்மென்ட். ஜான் பௌல்பி என்ற ஆங்கில மனநல மருத்துவர் தொடங்கி வைத்த சிந்தனை. பணக்கார வீட்டுப் பிள்ளை, ஆயா கையில் வளர்ந்தவர். நான்கு வயது ஆகும் சமயத்தில் அந்த ஆயா வேலையை விட்டுப் போனதை ஒரு தாயை இழந்ததைப் போலப் பின்னாளில் சொன்னார். 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை, தாயைப் பிரிந்த பிள்ளைகளைப் பற்றியது. அவரோடு வேலை செய்த மேரி ஐன்ஸ்வொர்த் 1954, 55இல் உகாண்டாவில் கம்பாலா பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்தார். தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார், பாட்டி, அத்தை என்று பல கை மாறி வளரும் பிள்ளைகள். நம் தோட்டத்துக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

பிறகு அமெரிக்காவில் அவர் ஒரு சோதனை வைத்தார். ஒரு வயதுப் பிள்ளை, தாய், விளையாட்டுச் சாமான் இருக்கும் ஓர் அறை. தாய் கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்பி வருவார். பார்க்க வேண்டியது பிள்ளை அழுகிறதா என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் அது என்ன செய்கிறது என்பதைத்தான். சில பிள்ளைகள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போகும். சில பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளவும் செய்யும், அடிக்கவும் செய்யும். இன்னும் சில, தாய் வந்ததையே கவனிக்காத மாதிரி பொம்மையோடு இருக்கும். அந்த மூன்றாவது வகை அமைதியான பிள்ளை என்றுதான் பலரும் நினைத்தார்கள். பின்னாளில் இதயத் துடிப்பை அளந்தபோது, அந்தப் பிள்ளைகளுக்கும் துடிப்பு எகிறித்தான் இருந்தது. காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பையனுக்கு 9 வயது, அந்தச் சோதனையை அவன்மேல் அப்படியே போட்டுப் பார்க்க முடியாது. ஆனாலும் "புரிந்த பிள்ளை" என்று அவனை மெச்சுவதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம்.

இந்த வழிச் சிகிச்சையில் பையனை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் காரில் காத்திருக்க முடியாது. பாட்டி கூட இருக்க வேண்டும். அக்கா வீடியோவிலாவது வர வேண்டும். கோபத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பெரியவர்கள் பழகுவதுதான் பாதி வேலை. அந்த இடத்தில் பாட்டிக்கு இடம் இல்லை என்றால் யோசியுங்கள்.

கணக்குப்புலி

இதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் குதிரை எதற்கு?

பதிவுபெற்ற_அக்கா

நேர்மையாகச் சொன்னால், குதிரை இல்லாமலும் நடக்கும். நானே அறைக்குள் வைத்துத்தான் செய்கிறேன். ஆனால் எல்லாப் பிள்ளையும் நாற்காலியில் உட்கார்ந்து அந்நியரின் முகத்தைப் பார்த்துப் பேசாது. பக்கத்தில் ஒரு வேலை இருந்தால் பேச்சு வரும். குதிரைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே சில பிள்ளைகள் சொல்வதை மேசைக்கு எதிரே நான் ஒரு நாளும் வாங்கியிருக்க முடியாது.

உங்கள் ஹான்ஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மனசைப் படிக்கத் தெரியாது, சரி. ஆனால் லேசான தலையசைப்பு அதன் கண்ணில் படுகிறதே! பிள்ளை இறுகிப்போய் வேகமாக வந்தால் குதிரை இரண்டடி தள்ளிப் போகும். மூச்சு விட்டு நிதானமாக வந்தால் நிற்கும். "அது ஏன் தள்ளிப் போச்சு?" என்று கேட்டால் பேச்சு அங்கே ஆரம்பிக்கும். அதற்கு மேல் மந்திரம் ஒன்றும் இல்லை.

1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈகாலா என்ற குதிரைவழிச் சிகிச்சை அமைப்பின் முறையில் சவாரியே கிடையாது, எல்லாம் தரையில் நின்றுதான். மனநலம் படித்த ஒருவரும் குதிரை தெரிந்த ஒருவரும் சேர்ந்தே நிற்க வேண்டும். அந்தப் பழத்தோட்டத்தில் ஒரே ஆள் இரண்டையும் பார்க்கிறாரா என்று கேளுங்கள்.

கெரெத்தா_மணி

என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கால் சரியில்லை, வாரா வாரம் குதிரை ஏற்றிவிடுகிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

பதிவுபெற்ற_அக்கா

வேறு வேறு. அது உடலுக்கு, இடுப்புப் பலம், சமநிலை. அந்த வழிக்குப் பெரிய உந்துதல் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பெண், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கினார்.

இன்னொன்று, இது முக்கியம். "அட்டாச்மென்ட் தெரப்பி" என்ற பெயரை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பிடித்து அழுத்துவது, போர்வையில் சுருட்டுவது, கண்ணைப் பார்க்கும்வரை விடாமல் வைத்திருப்பது என்று ஒரு கூட்டம் அமெரிக்காவில் செய்தது. 2000இல் கொலராடோவில் 10 வயதுச் சிறுமி அப்படி மூச்சுத் திணறிச் செத்தாள். அடுத்த வருடம் அந்த மாநிலம் அந்தப் போர்வை முறையைத் தடை செய்தது. பௌல்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "பிள்ளையை முதலில் உடைக்க வேண்டும்", "அடங்க வைக்க வேண்டும்" என்ற மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் பையனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், கட்டின காசு போனால் போகட்டும்.

நம் நாட்டில் 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டம், சட்டம் 580, இருக்கிறது. கவுன்சலர் வாரியமான லெம்பாகா கவுன்சலரில் பதியாமல் கவுன்சலர் என்று போர்டு மாட்டக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் பெயரைத் தேடினால் வரும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் அது 2016ஆம் ஆண்டின் சட்டம் 774. எண் கேட்டால் கோபப்படுகிற ஆளிடம் பிள்ளையை விடவேண்டாம்.

பழைய_சைஸ்

வாசித்துக்கொண்டே வந்தேன். நான் டர்ஃப் கிளப்பில் சைஸாக, அதாவது பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். நம் ஆட்கள் நிறையப் பேர் அந்த வேலையில் இருந்தார்கள், என் அப்பாவும்தான்.

குதிரையைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது பயந்த பிராணி. புலி வந்தால் ஓட வேண்டிய ஜாதி. கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. அங்கே போய்ப் பிள்ளை நின்றால் உதைதான். அரை டன் எடை. காதைப் பின்னுக்கு மடித்தால் கிட்டே போகாதே என்று அர்த்தம். காது தெரியாமல் குதிரையைத் தொடக் கூடாது, இதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

பழத்தோட்டத்துக் குதிரை பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றதாக இருக்கும். சிங்கப்பூர் கிளப் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடத்தி மூடிவிட்டது, அதற்கடுத்த வருடம் பினாங்கும் பந்தயத்தை நிறுத்தியது. அந்த மாதிரிக் குதிரை கூட்டத்தில் ஓடிப் பழகியது, பிளாஸ்டிக் பை பறந்தாலே துள்ளும். எல்லாமே பிள்ளைகளுக்கு ஒத்து வராது. வயசான, சாதுவான குதிரை வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் சில குதிரைக்கு வேர்ப்பதே நின்றுவிடும், உடம்பு கொதித்து மூச்சு வாங்கும். மத்தியானம் குதிரையை வெளியே நிறுத்துகிறவனுக்குக் குதிரையைத் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

மனசுக்குள் உறுத்துவது இன்னொன்று. நாங்கள் குட்டி மாதிரி வளர்ப்போம். தீனி வைத்து, குளிப்பாட்டி, காய்ச்சல் வந்தால் லாயத்திலேயே படுத்து. ஒரு நாள் முதலாளி மாறிவிடுவார். லாரி வரும், ஏற்றிக்கொண்டு போய்விடும். எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லை. அடுத்த நாள் அந்தக் கொட்டிலில் வேறு குதிரை நிற்கும். இந்தப் பையன் ஏற்கெனவே ஆள் சொல்லாமல் போவதைப் பார்த்துப் பழகியவன். அவன் அந்தக் குதிரையோடு ஒட்டிக்கொண்ட பிறகு அதை விற்றுவிட்டால் என்ன செய்வார்கள்?

லயத்துப்பெண்

ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை.

பதிவுபெற்ற_அக்கா

ஐயா கேட்டதைத்தான் சித்தி முதலில் கேட்க வேண்டும், குதிரையின் பெயரைக் கேட்பதற்கும் முன்னால். நல்ல இடம் என்றால் முடிவையும் சேர்த்தே திட்டம் போடுவார்கள். எத்தனை வாரம், கடைசி நாள் எது, குதிரைக்கு நோய் வந்தால் பிள்ளையிடம் யார் எப்படிச் சொல்வது, எல்லாம். பிள்ளை ஒட்டிக்கொள்ள வேண்டியது வீட்டு மனுஷர்களிடம். குதிரை பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டால் அதை அவர்களே கவனித்துத் திருப்ப வேண்டும்.

அப்புறம் அந்த இரவு பஸ். சித்தி, அதை இப்போதே மாற்றலாம், 180 ரிங்கிட் வேண்டாம். தூங்கி எழுந்தால் அம்மா இல்லை என்று பழகின பிள்ளைக்கு, அம்மா வந்திருக்கும் நாட்களிலும் நிம்மதி இருக்காது. எந்த இரவு காணாமல் போவார் என்று தெரியாதே. கிட்டே போகாமல் இருப்பது அவனுக்குப் பாதுகாப்பு. காலண்டரில் வரும் நாளையும் போகும் நாளையும் அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள். பகல் பஸ்ஸுக்கு மாற்றுங்கள். அழுவான், புரளுவான், அழட்டும். பாட்டி பக்கத்தில் இருந்தால் போதும், "அழாதே" என்று சொல்லத் தேவையில்லை. தினமும் ஒரே நேரத்தில் போன் வரட்டும், ஓவர்டைம் என்றால் முன்னாலேயே அவனிடம் சொல்லட்டும். உங்கள் அக்காவைக் குற்றம் சொல்லவில்லை. அவர் அனுப்புகிற காசில்தான் அந்த வீடு ஓடுகிறது, அவரும் பஸ்ஸில் அழுதுகொண்டேதான் போயிருப்பார்.

கணக்குப்புலி

இந்த இழையிலேயே உருப்படியான ஆலோசனை இதுதான், இதில் குதிரை இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

கெரெத்தா_மணி

விடமாட்டீர்களே புலி.

பள்ளிக்கூடத்துச்_சுவர்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஒன்று மட்டும். சண்டை போடுகிற வாரத்தில் அம்மா வந்துபோனார் என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரியாது. வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தெரிந்தால் ரோத்தானை (பிரம்பை) எடுக்க யோசிப்போம்.

சிப்புட்_சித்தி

எல்லாருக்கும் நன்றி. படிக்கும்போது இரண்டு இடத்தில் எழுந்து போய்விட்டு வந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கிளினிக்கில் காட்டினோம், சிறுநீர்ச் சோதனையில் ஒன்றும் இல்லை. பழத்தோட்டத்துக்குப் போன் செய்து எண் கேட்டேன், உடனே கொடுத்தார், இணையத்தில் பெயர் வருகிறது. குதிரை பார்க்க வேறு ஆள் இருக்கிறாராம். முதல் சில வாரம் குதிரைப் பக்கமே போகமாட்டார்களாம், பாட்டியோடும் அக்காவோடும்தான் பேச்சு. குதிரையை விற்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இது நல்ல கேள்வி, குதிரை எங்களுடையது, விற்கும் எண்ணம் இல்லை, ஆனால் இரண்டுக்கும் வயதாகிவிட்டது, சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் மறைக்க மாட்டோம் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. காசையும் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார், நானும் அண்ணனும் பகிர்ந்துகொள்கிறோம்.

அக்காவிடம் பஸ் விஷயத்தைச் சொன்னேன். முதலில் கோபப்பட்டாள். மறுநாள் தானே கூப்பிட்டு, அடுத்த லீவுக்குப் பகல் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாள். அம்மாவின் முனியாண்டிக் கயிறும் கட்டியாகிவிட்டது, அதையும் யாரும் தடுக்கவில்லை.

பையனிடம் குதிரை இருக்கிறது, வேண்டுமானால் பார்க்கலாம், வேண்டாமென்றால் விடலாம் என்றேன். "கடிக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

பழைய_சைஸ்

கடிக்கும் என்று உண்மையைச் சொல்லுங்கள். விரலால் தீனியைப் பிடித்து நீட்டினால் விரலையும் சேர்த்துத்தான் கடிக்கும், உள்ளங்கையை நன்றாக விரித்து வைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். சிலிப்பர் வேண்டாம், மூடின சப்பாத்து. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பள்ளி ஊசி அட்டையில் பாருங்கள்.

சிப்புட்_சித்தி

சரி ஐயா. அம்மா சிலிப்பர் தவிர வேறு எதுவும் போடமாட்டார். அவர் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரலாமா?

பழைய_சைஸ்

தாராளமாக. பையன் நிற்கிற இடத்திலிருந்து பாட்டி தெரிகிற மாதிரி நாற்காலியைப் போடச் சொல்லுங்கள். குடை எடுத்துப் போனால் உள்ளே வந்து விரிக்க வேண்டாம், குதிரை மிரளும்.